பழைய நிலைக்கால்களில் ஒரு நிற்கும் மேசை: ஆட்டம் எங்கே பிறக்கிறது

உட்கார்ந்து எழுதும் மேசையின் கால்களை 30 செ.மீ. நீட்டிவிட்டால் அது நின்று வேலை செய்யும் மேசை ஆகிவிடாது. உயரம் கூடக் கூட ஆட்டமும் கூடும். 75 மி.மீ. அகலக் குறுக்குச் சட்டம் ஒன்றின் தோள், அதாவது காலின் முகத்தில் அழுந்தி நிற்கும் அதன் முனைமுகம், காலோடு சேரும் இடத்தில் அரை மி.மீ. இடைவெளி விழுந்தால், 1 மீட்டர் உயரத்தில் அது 6.7 மி.மீ. ஆட்டமாக வந்து நிற்கும். அதே இடைவெளி 150 மி.மீ. சட்டத்தில் இருந்தால் 3.3 மி.மீ. சட்டம் 150 ஆகவும் இடைவெளி கால் மி.மீ. ஆகவும் இருந்தால் 1.7 மி.மீ. திரையில் எழுத்து நடுங்குகிறதா இல்லையா என்பதை இந்த எண்கள்தான் தீர்மானிக்கின்றன. மேசை செய்பவரின் கவனத்தில் பெரும்பங்கு தோள்களுக்குப் போக வேண்டும். தோள் சரியாக உட்கார வேண்டுமானால் மரம் முதலில் நேராக வேண்டும். இடித்த கட்டடத்து மரத்தில் அதுதான் கடினமான பகுதி.

இங்கே எடுத்துக்கொண்ட மேசை 1300 மி.மீ. நீளம், 650 அகலம், 1030 உயரம். முழுவதும் பழைய தேக்கு, முழுவதும் கைக்கருவி வேலை. செய்து முடித்தபின் எடை சுமார் 37 கிலோ.

உயரம் எப்படி வந்தது

பயன்படுத்துபவர் நிமிர்ந்து நின்று முழங்கையைச் செங்கோணமாக மடக்கியபோது, முழங்கையின் அடிப்பகுதி வெறுங்காலில் தரையிலிருந்து 104 செ.மீ. வீட்டில் போடும் செருப்புக்கு 2 செ.மீ. கூட்டி 106. விசைப்பலகையின் தடிமனுக்கு 3 செ.மீ. கழித்து 103. பலகையின் மேற்பரப்பு அந்த உயரத்தில்தான் இருக்க வேண்டும். பொது அட்டவணை எதையும் பார்த்து இந்த எண்ணை எடுக்கக் கூடாது. ஒரே உயரமுள்ள இருவருக்கும் முழங்கை உயரம் மாறலாம். சந்தேகம் வந்தால் கூடுதலாக விட்டுச் செய்வதே நல்லது. காலை அறுத்துக் குறைக்க முடியும், ஒட்டி நீட்ட முடியாது.

நாள் முழுக்க யாரும் நிற்பதில்லை. உயரமான முக்காலி ஒன்று கூடவே இருக்கும். அதன் இருக்கை 75 செ.மீ. என்றால், அதில் அமர்ந்தவரின் தொடை முன்பக்கச் சட்டத்தின் அடியில் நுழைய வேண்டும். முன்பக்கம் 120 மி.மீ. சட்டம் போட்டிருந்தால் அடியில் 13 செ.மீ. மட்டுமே மிஞ்சும், தொடை நுழையாது. அதனால் முன்சட்டத்தை 60 மி.மீ. அகலம், 35 மி.மீ. தடிமன் என்று படுக்கையாக வைத்தோம். இடைவெளி 21 செ.மீ.க்கு மேல் கிடைத்தது. முன்பக்கம் இழந்த உறுதியைப் பின்பக்கம் ஈடுசெய்கிறது: மேலே 150 மி.மீ. சட்டம், கீழே 100 மி.மீ. சட்டம்.

மரம்

கதவு நிலையின் கால் துண்டுகள் நான்கு, 100 × 75 மி.மீ., அழுகிய அடியை அறுத்தபின் ஒவ்வொன்றும் 1.35 மீட்டர். அலமாரிப் பலகைகள் எட்டு, 40 மி.மீ. தடிமன், 165 முதல் 180 வரை அகலம், 2.1 மீட்டர் நீளம்.

நிலைச்சட்டத்தில் கதவு வந்து மோதுவதற்காக ஒரு படி வெட்டியிருப்பார்கள். இங்கே அது 38 மி.மீ. அகலம், 12 ஆழம். இந்தப் படியை நிரப்பப் பார்ப்பது வீண்வேலை. படியோடு சேர்த்து 38 மி.மீ. பட்டையை நீளவாக்கில் அறுத்து எடுத்துவிட்டால் மிச்சம் 62. கீல் உட்கார்ந்த பள்ளமும் அதன் திருகாணித் துளைகளும் அந்தப் பட்டையோடு போய்விடும். மறுபக்கம் 75-லிருந்து இழைத்து இறக்கும்போது, சுவரில் பிடித்த கம்பிகளின் துளைகளும் பெரும்பாலும் மறையும். இரண்டு பக்கமும் 60 மி.மீ. சதுரத்தில் வந்து நின்றது. அறுத்த பட்டைகளிலிருந்து மரஆணியும், பலகையைப் பிடிக்கும் பொத்தான்களும் செய்தோம்.

இறுதி அளவுகள், மி.மீ.யில்:

கால்: 4, 60 × 60 × 1002
பக்கச் சட்டம், மேல்: 2, 28 × 120 × 530
பக்கச் சட்டம், கீழ்: 2, 28 × 90 × 530
பின்சட்டம், மேல்: 1, 28 × 150 × 1150
பின்சட்டம், கீழ்: 1, 28 × 100 × 1150
முன்சட்டம், படுக்கை: 1, 60 × 35 × 1150
கால்வைப்புச் சட்டம்: 1, 60 × 35, நீளம் பொருத்திப் பார்த்தபின்
மேல்பலகை: 5 பலகை, 28 × 130 × 1300

நீளங்களில் இரு முனைக் கழுந்துகளும் (காலில் வெட்டிய துளைக்குள் நுழையும் நாக்குகள்) அடங்கும், ஒவ்வொரு கழுந்தும் 45. தோளுக்குத் தோள் பக்கச் சட்டத்தில் 440, பின்சட்டத்தில் 1060. மேல்பலகைக்கு ஐந்து பலகைகளை அறுத்தபின் மிஞ்சிய துண்டுகளிலிருந்தே நான்கு பக்கச் சட்டங்களும் வந்துவிட்டன. 40 மி.மீ. பலகை 28-க்கு இறங்குவது பெரிய இழப்பாகத் தோன்றும். குழிவு, பழைய பெயின்ட், மேற்பரப்பு வெடிப்பு மூன்றையும் கடந்து நல்ல மரத்தைத் தொட அவ்வளவு இறங்கத்தான் வேண்டியிருந்தது.

பெயின்ட் அடித்த பழைய பலகையை உலர்வாகத் தேய்க்கவோ தீ காட்டவோ கூடாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். நனைத்துவிட்டுச் சுரண்டி, சுரண்டியதைத் தாளில் சேகரித்து ஒதுக்கிவிட வேண்டும். தேக்குத் தூள் சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும். முகக்கவசம் அவசியம். பச்சை நிறம் ஏறிய, மருந்து ஊட்டிய கட்டைகளையும், தார் நெடி வீசும் ரயில் தண்டவாளக் கட்டைகளையும் உள்ளறைச் சாமானுக்கு எடுக்கவே வேண்டாம்.

மரத்தின் வெளிப்புற வெள்ளைப் பகுதியில் சிறு துளைகள் தெரிந்தால் கட்டையை வெள்ளைத் தாளின் மேல் தட்டிவிட்டு ஒரு வாரம் அதன்மேலேயே விடுங்கள். மாவு போன்ற புதுத் தூள் விழுந்திருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. இந்த வண்டு தேடுவது வெள்ளையில் உள்ள மாவுச்சத்தை, நடுமரமான வைரத்தை அது தொடுவதில்லை. வெள்ளையை முழுக்க அறுத்து எறிவதே தீர்வு.

ஆணி

வலுவான சிறு காந்தத்தை நூலில் கட்டி, பலகையின் மேல் 2 செ.மீ. இடைவெளியில் வரிவரியாக நகர்த்தினால் இரும்பு ஆணி இருக்கும் இடத்தில் காந்தம் சாய்ந்து இழுபடும். அந்த இடத்தில் சாக்பீஸ் குறி. துருவேறிய ஆணியை நேராகப் பிடுங்கப் போனால் தலை முறிந்து உடல் உள்ளே தங்கிவிடும். முதலில் ஆணியின் தலையில் சுத்தியலால் லேசாக ஓர் அடி. துருவின் பிடி விடும். பிறகு குறடு. தலையே இல்லாத ஆணிக்குச் சுற்றிலும் 6 மி.மீ. உளியால் நார் ஓட்டத்தின் திசையில் சிறு பள்ளம் எடுத்துப் பிடிக்க வேண்டும். குறுக்காகப் பள்ளம் எடுத்தால் பிறகு ஒட்டுத் துண்டு போடும்போது அசிங்கமாகத் தெரியும்.

பித்தளைத் திருகாணியைக் காந்தம் காட்டாது. இரும்பைச் சுற்றி ஏறும் கருங்கறையும் அதற்கு இல்லை. எட்டுப் பலகைகளில் ஒன்றில் முறிந்த பித்தளைத் திருகாணி ஒன்று மேற்பரப்புக்கு 2 மி.மீ. கீழே இருந்தது. இழைப்புளி அலகில் அரை மி.மீ. பல் விழுந்த பிறகுதான் அது வெளிப்பட்டது. அரை மி.மீ. பல்லைப் போக்க அலகின் சாய்முகம் முழுவதையும் சாணைபிடித்துப் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும். அதனால் முதல் இறக்கத்துக்கென்று ஒரு பழைய அலகைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முனையை வளைவாகத் தீட்டிய அந்த அலகில் பல் விழுந்தாலும் வேலை நிற்காது. சுத்தமான மரம் கண்ணில் பட்ட பிறகே நல்ல அலகை இறக்க வேண்டும்.

ஈரம்

‘நூறு வருட மரம், இனி அசையாது’ என்று பட்டறைகளில் சொல்வார்கள். அது உண்மை இல்லை. எவ்வளவு பழைய மரமும் காற்றின் ஈரத்துக்கேற்ப விரியும், சுருங்கும். பழமையால் கிடைக்கும் நன்மை வேறு: புது மரத்தில் காய்ந்து முடிப்பதற்குள் நடக்கும் பெரிய சுருக்கம் இதில் முடிந்துவிட்டது.

ஈரமானி இல்லாமலே ஈரம் பார்க்கலாம். பலகையின் முனையிலிருந்து 30 செ.மீ. உள்ளே தள்ளி ஒரு சிறு துண்டு வெட்டி, உடனே எடை போட்டு, 103 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்த வேண்டும். 212 கிராம் துண்டு 190 கிராமில் நின்றால், குறைந்த 22-ஐ 190-ஆல் வகுத்து 11.6 சதவீதம். அறைக்குள் பயன்படும் மேசைக்கு இது நல்ல நிலை. வெளியில் மழை பட்டுக் கிடந்த மரம் இதைவிட அதிகம் காட்டும். அடுக்கிடையே 20 மி.மீ. ரீப்பர்களை 40 செ.மீ.க்கு ஒன்றாக, மேலும் கீழும் ஒரே நேர்க்கோட்டில் வைத்து, மேசை வைக்கப்போகும் அறையிலேயே அடுக்க வேண்டும்.

நீளவாக்கில் அறுத்தவுடன் கட்டை வளையும். உள்ளே அடங்கியிருந்த இழுவிசை விடுபடுவதுதான் காரணம். முதல் அறுப்பில் 4 மி.மீ. கூடுதலாக விட்டு, ஒரு வாரம் கிடத்தி, அதற்குப் பிறகு இறுதி அளவுக்கு இழைக்க வேண்டும். இந்த ஒரு வாரத்தைச் சேமித்தவர்களின் தோள்கள் பின்னர் வாய் பிளந்து நிற்கும்.

நேராக்குதல்

முறுக்கு கண்ணுக்குத் தெரியாது. ஒரே உயரமான இரண்டு நேர்க்கோல்களைக் கட்டையின் இரு முனைகளிலும் குறுக்காக வைத்து, முன்கோலின் மேல்விளிம்பு வழியாகப் பின்கோலைப் பார்க்க வேண்டும். கோல் 40 செ.மீ., கட்டை 10 செ.மீ. அகலம் என்றால் பிழை நான்கு மடங்காகத் தெரியும். உயர்ந்து நிற்கும் எதிரெதிர் மூலைகளைக் குறுக்காக இழைத்து இறக்கிய பிறகு நீள இழைப்புளியால் நீளவாக்கில் ஓட்டினோம். ஒரு முகம், அதற்குச் செங்கோணத்தில் ஒரு விளிம்பு, இந்த இரண்டிலிருந்தும் மார்க்கிங் கேஜால் கீறிய கோடு வரை மற்ற இரண்டும். எல்லா அளவும் முதல் இரண்டு முகங்களிலிருந்தே எடுக்க வேண்டும், அவற்றில் பென்சில் குறி அழியாமல் இருக்கட்டும்.

தேக்கில் மணல்சத்து உண்டு, அலகு சீக்கிரம் மழுங்கும். சத்தம் மாறியதுமே எழுந்து சாணைக்கல்லுக்குப் போக வேண்டும். சுருளுக்குப் பதில் தூள் வரும்வரை காத்திருந்தால் நார் பெயரத் தொடங்கிவிடும். நார் திசை மாறும் இடங்களில், இழைப்புளி அலகின் மேல் படிந்திருக்கும் மேல்தகட்டை அலகின் முனைக்கு 0.3 மி.மீ. வரை நெருக்கினால் பெயர்வது பெருமளவு நின்றுவிடும்.

கழுந்தும் துளையும்

சட்டத் தடிமன் 28, கழுந்து 12, இருபுறமும் தோள் 8. காலின் வெளிமுகத்திலிருந்து சட்டம் 10 மி.மீ. உள்வாங்கி நிற்கிறது. துளையின் ஆழம் 47, கழுந்து 45. அந்த 2 மி.மீ. வெற்றிடம் கட்டாயம். பசையும் தூசியும் சேர இடம் இல்லையென்றால் கழுந்தின் முனை அடியில் முட்டி, தோள் வெளியே நிற்கும். பின்கால்களில் இரண்டு பக்கத்துத் துளைகளும் உள்ளே சந்திக்கின்றன, அதனால் கழுந்து முனைகளை 45 பாகையில் சாய்த்து வெட்டினோம். 150 மி.மீ. பின்சட்டத்துக்கு ஒரே அகலக் கழுந்து போட்டால் காலில் நீண்ட பிளவுதான் உண்டாகும். மேலே 25 மி.மீ. விட்டு, 50-இல் ஒரு கழுந்து, 25 இடைவெளி, மறுபடி 50.

தோளைப் பென்சில் கோட்டில் அறுக்கக் கூடாது. கத்தியால் நான்கு பக்கமும் சுற்றிக் கீறி, கழிக்கும் பக்கத்தில் உளியால் சிறு சரிவு எடுத்தால், ரம்பம் அந்தப் படியில் உட்கார்ந்துதான் அறுக்கும்.

பின்சட்டகத்தைப் பசையில்லாமல் பொருத்திப் பார்த்தபோது பிழை வெளிப்பட்டது. மூலைவிட்டங்கள் இரண்டும் சமம், மூலைமட்டமும் சரி. ஆனால் மேல் சட்டத்தின் இடது தோளில், மேல்முனையில் காகிதத் துண்டு நுழைந்தது. ஒன்றல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு தாள். சாதாரணத் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ., ஆக 0.6 இடைவெளி. 150 மி.மீ. தோளில் இது 1 மீட்டர் உயரத்தில் 4 மி.மீ. ஆட்டம்.

கழுந்தில் குறையில்லை. காலின் மேல்முனையில் கடைசி 6 செ.மீ. மட்டும் தாழ்ந்திருந்தது. இழைப்புளி கட்டையின் முனையைக் கடக்கும்போது முன்கையின் அழுத்தத்தை விடுவித்துப் பின்கைக்கு மாற்றாவிட்டால், அதன் மூக்கு கவிழ்ந்து முனையைக் கூடுதலாகச் சீவிவிடும். எந்த மேசையிலும் மேல் சட்டம் வந்து சேர்வது சரியாக அந்த முனையில்தான். துளை வெட்டும்போது கால் பிளக்காதிருக்க மேலே 25 மி.மீ. கூடுதல் விட்டிருந்தோம். அது பிளவைத் தடுத்தது, சரிவை விழுங்கப் போதவில்லை. கையில் 1.35 மீட்டர் மரம் இருக்கையில் 60 மி.மீ. விட்டிருக்க வேண்டும். சரிவு முழுவதும் கடைசியில் அறுபட்டுப் போயிருக்கும்.

இந்த நிலையில் உளியை எடுத்துத் தோளைச் செதுக்கத்தான் கை போகும். செய்யக் கூடாது. மேல் சட்டத்தின் தோளை 0.6 குறைத்தால் கீழ்ச் சட்டம் 0.6 நீளமாகிவிடும், பிறகு அதையும் செதுக்க வேண்டும், பிழை ஊர் சுற்றும். காலின் உள்முகத்தையே, தாழ்ந்த முனையின் மட்டத்துக்கு, நேராக இழைத்து இறக்கினோம். கால் 60-லிருந்து 59.4 ஆனது, யார் கண்ணிலும் படாது. துளையின் ஆழமும் 0.6 குறைந்தது. அடியில் விட்டிருந்த 2 மி.மீ. வெற்றிடம் அதை ஏற்றுக்கொண்டது. மறுபடி பொருத்தியபோது தோளைச் சுற்றி எங்கும் ஒரு தாள்கூட நுழையவில்லை.

இணைப்புகளை இறுக்கியது இழுப்புத் துளையும் மரஆணியும். காலில் தோளிலிருந்து 12 மி.மீ. தள்ளி 8 மி.மீ. துளை போட்டு, கழுந்தை உள்ளே செலுத்தி, துரப்பண முனையால் கழுந்தில் மையத்தைக் குறித்து, வெளியே எடுத்து, அந்தக் குறியைத் தோளை நோக்கி 1.5 மி.மீ. நகர்த்தித் துளைக்க வேண்டும். ஆணி இறங்க இறங்கத் தோள் காலோடு இழுபடும். குறியைத் தோளிலிருந்து விலக்கி நகர்த்திவிட்டால் ஆணி இணைப்பைத் திறந்துவிடும், இது அடிக்கடி நடக்கும் தவறு. 3 மி.மீ. நகர்த்தினால் ஆணி முறியும், அல்லது கழுந்தின் முனை பிய்ந்து போகும். ஆணியை ரம்பத்தால் அறுத்து எடுக்காமல், பட்டைத் துண்டை உளியால் பிளந்து செய்ய வேண்டும். நார் முனையிலிருந்து முனை வரை அறுபடாமல் ஓடினால்தான் வளைந்து கொடுக்கும்.

கால்வைப்புச் சட்டம் இரு கீழ்ப் பக்கச் சட்டங்களையும் ஊடுருவி, வெளியே ஆப்பு வைத்து இறுகுகிறது. உயரம் தரையிலிருந்து 15 செ.மீ., முன்காலிலிருந்து 18 செ.மீ. உள்ளே. ஒரு காலை மாற்றி மாற்றி அதன்மேல் வைத்தால் இடுப்பு தளரும்.

மேல்பலகை

ஒட்டப்போகும் இரு விளிம்புகளையும் புத்தகம் மூடுவது போல் சேர்த்துப் பிடித்து ஒரே ஓட்டத்தில் இழைத்தோம். கோணம் அரைப் பாகை பிசகினாலும் விரித்துச் சேர்க்கும்போது ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். நடுவில் அரை மி.மீ.க்குள் மெல்லிய குழிவு விட்டால் முனைகள் திறக்காது. தேக்கின் எண்ணெய்ப் பசை ஒட்டுப்பசையை ஏற்காமல் தள்ளும். இழைத்த சூட்டோடு அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது காய்ந்ததும் ஒட்ட வேண்டும். நேற்று இழைத்த விளிம்பை இன்று ஒட்டினால் ஆறு மாதத்தில் கோடு விடலாம். கிளாம்ப் 25 செ.மீ.க்கு ஒன்று, மேலும் கீழும் மாறி மாறி.

தேக்கு, ஈரம் 1 சதவீதம் மாறினால் அகலவாக்கில் ஏறக்குறைய 0.18 சதவீதம் அசையும். 650 மி.மீ. பலகையில் 4 சதவீத மாற்றத்துக்கு 4.7 மி.மீ. ஆகவே திருகாணியால் நாலாபுறமும் இறுக்கினால் பலகை வெடிக்கும். முன்சட்டத்தில் மட்டும் அசையாமல் திருகி, மற்ற மூன்று பக்கமும் சட்டத்தின் உள்முகத்தில் வெட்டிய பள்ளத்தில் மரப்பொத்தான்கள் நுழைந்து பிடிக்கின்றன. பின்பக்கப் பொத்தான்களுக்கு 6 மி.மீ. ஓட்டம் விட்டோம். விரிவு முழுவதும் பின்னால் போகும், கை படும் முன்விளிம்பு இடம் மாறாது.

ஆணித் துளைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தால் எண்ணெய் அதில் ஏறாது, கரும்புள்ளியாக நிற்கும். அதே பலகையின் கழிவிலிருந்து நார் திசை பார்த்து வெட்டிய நீள்சதுரத் துண்டுகளைப் பதித்து இழைத்துவிடுவது நல்லது.

மேல்பூச்சு ஆளி விதை எண்ணெய், மிக மெல்லிதாக மூன்று முறை, ஒவ்வொன்றும் நன்றாக உலர்ந்தபின். தடவிப் பதினைந்து நிமிடத்தில் மிச்சத்தைத் துடைக்காவிட்டால் பிசுபிசுப்பு நாட்கணக்கில் போகாது. துடைத்த துணியைச் சுருட்டி எறியக் கூடாது. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் உலர்த்துங்கள், இல்லையேல் தண்ணீரில் ஊறப்போடுங்கள். பலகையின் அடிப்பக்கத்துக்கும் அதே மூன்று பூச்சு வேண்டும். மேலே மட்டும் பூசினால் ஈரம் ஒருபக்கம் மட்டும் வேகமாக ஏறி இறங்கிப் பலகை குழியும்.

கடைசியாகக் கால்மட்டம். சமதளத்தில் நிறுத்தி, மேல்பலகை நான்கு திசையும் மட்டமாகும் வரை கால்களின் அடியில் ஆப்பு சொருகி, 10 மி.மீ. கட்டையின் மேல் பென்சிலைப் படுக்கவைத்து நான்கு காலையும் சுற்றிக் கோடிழுத்து அறுத்தோம். இந்த 10 மி.மீ. முன்பே காலில் கூடுதலாக விட்டது. அடிவிளிம்புகளில் 3 மி.மீ. சரிவு எடுத்தால் இழுத்து நகர்த்தும்போது சிராய் பெயராது.

முடிந்த மேசையை மேல்பலகை மட்டத்தில் பக்கவாட்டில் கையால் தள்ளி, சுவரில் ஊன்றிய கோலை வைத்து அளந்தபோது நகர்வு 1.5 மி.மீ. முன்பின்னாக அதைவிடக் குறைவு. கணினித் திரையைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கரத்தைப் பலகையின் நடுவில் மாட்டினால் இந்தச் சிறு நகர்வும் கரத்தின் உயரத்தில் பெருகும். பின்சட்டத்துக்கு நேர் மேலே, காலுக்கு அருகில் மாட்ட வேண்டும். பின்பக்கம் பலகை காலைத் தாண்டி 20 மி.மீ.தான் நீண்டிருக்கிறது. கரத்தின் பிடி சட்டத்தில் இடிக்கிறதா என்று பலகையைப் பொருத்துவதற்கு முன்பே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.